ஆறாயிரம் பார்த்து வாங்கிய பேட்டரி

ஏற்காடு,
18-7-1998

பெங்களூரில் கம்பெனி உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை ஞானசுந்தரம் அவர்களுக்கு, மாமனார் சின்னசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை தனலட்சுமி, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் அமுதா, அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் உங்கள் வாரிசு எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், நீங்களே சமைத்து நீங்களே சாப்பிடும் உங்கள் தைரியத்தையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள் அத்தை. மழையில் டெலிபோன் லைன் அறுந்து கிடக்கிறது, அதனால்தான் கடிதம்.

விஷயம் நீங்கள் அமுதாவிடம் கொடுத்த லேப்டாப் பற்றியது. அவளுடைய எம்.பில். ஆய்வேட்டை அதில்தான் அடிக்கிறாள். குழந்தை பிறப்பதற்குள் அதைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கைக்குழந்தை வந்துவிட்டால் அப்புறம் ஏது ஆய்வு, ஏது ஏடு? எங்க ஊட்டில் காலேஜ் படியேறிய முதல் பிள்ளை அவள். பாதியில் நின்றுபோனால் என் மனசு தாங்காதுங்க. இந்தச் சமயம் பார்த்து, கரண்ட் போனதும் லேப்டாப்பும் அணைந்துவிடுகிறது, பேட்டரி செத்துப்போச்சு என்றாள். இந்த மலையில் கரண்ட் எப்போது வரும் என்பது எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்குத்தான் வெளிச்சம். "அவருக்கு எழுதுங்கப்பா, அவரே பாத்து வாங்கிட்டு வரட்டுங்க" என்றாள். ஒரு பேட்டரிக்காக மாப்பிள்ளை லீவு போடுவதா என்று நானே சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரர், "பழசைக் கொண்டாந்தீங்களா?" என்றார். கொண்டுபோகவில்லை. அதன்மேல் நாலாயிரம் எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது மட்டும் ஞாபகம். அதற்கு மேல் காட்டச் சொன்னேன், ஆறாயிரம் போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். "உங்க மாடலுக்குச் சேருமான்னு தெரியலீங்களே" என்று அவர் இழுத்தது வாஸ்தவம். என் காதில் ஆறாயிரம் ஏறின பிறகு வேறெதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் சொந்தமாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குழந்தைவேல் காத்திருந்தார். அச்சடித்த எண்ணைக் காட்டினேன். "நெம்பர் எவன் வேணா அடிப்பானுங்க. காப்பிப் பழத்த என்ன பண்றோம்? தண்ணித் தொட்டியில போட்டா சொத்தை மிதக்குது, கெட்டிச் சரக்கு முழுகுது. இதையும் போட்டுப் பாத்துருவோமுங்க" என்றார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகக் காலம் தள்ளிய எனக்கு அது நொம்ப நியாயமாகப் பட்டது. ஆனாலும் நான் ஏமாளி இல்லை பாருங்கள், புதுசைத் தொடவிடவில்லை. செத்ததுதானே என்று பழசைப் போட்டேன். அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. "சரக்கு உள்ள இருக்குதுங்க!" என்று குழந்தைவேல் கை தட்டினார்.

சத்தம் கேட்டு வெளியே வந்த அமுதா, "ஐயோ அப்பா, அது அவரு குடுத்ததுங்க!" என்று அழுதாள். அப்புறம் புதுசைப் பார்த்துவிட்டு, அழுத கண்ணோடு சிரித்தாள். அது அந்த லேப்டாப்பின் குழிக்குள் உட்காரவே இல்லை. "வோல்ட்டைப் பாத்தீங்களாப்பா? பழசு பத்துப் புள்ளி எட்டு. இது ஏழு புள்ளி ரெண்டு. வோல்ட் மாறவே கூடாதுங்க. அது அப்படியே இருந்து எம்.ஏ.எச். கூடுனாத்தான் கூட நேரம் ஓடும்" என்றாள். வோல்ட்டையும் எம்.ஏ.எச்.சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கச் சொன்னாள். பழசுக்கும் நாற்பத்து மூன்று சொச்சம், புதுசுக்கும் அதே நாற்பத்து மூன்று சொச்சம்! வாட் அவர் என்று பெயராம். சின்னப் படியால் அளந்தால் படிக் கணக்கு கூடும், ராகி கூடுமா? ஆறாயிரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறிய என் மூஞ்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் படித்த நீங்கள், அன்றைக்கு லேப்டாப் பேட்டரியைக் காட்டி, "எண்ணு பெருசா இருந்தா நல்லதுங்க மாமா" என்றீர்களே தவிர, வோல்ட் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்ல நேரம் ஏது! வளைகாப்புக்கு வந்தவர், பந்தி முடிவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் உங்கள் நிழலைக்கூடக் காணோம். குற்றமாகச் சொல்லவில்லை, உத்தியோகம் அப்படி.

ஆகவே பத்துப் புள்ளி எட்டு வோல்ட்டில், நாலாயிரமோ அதற்கு மேலோ, அந்த மாடலுக்கென்றே செய்ததாகப் பார்த்து, பார்சலில் அனுப்பிவைக்கவும். நேரில் வந்து சிரமப்பட வேண்டாம். லீவையெல்லாம் குழந்தை பிறந்ததும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் வைக்கும் ரசம் என்றைக்காவது ரசமாக வர, சேர்வராயன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
சின்னசாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அமுதா இதை வாங்கிப் படித்தாள். "நேரில் வந்து சிரமப்பட வேண்டாம்" என்ற இடத்தில் தேம்பிவிட்டாள். ஆய்வேடு போன வாரமே முடிந்து, ஃபிளாப்பியில் ஏற்றிக் கல்லூரிக்கும் போய்விட்டதாமுங்க. அனுப்பிவைத்ததே உங்கள் அத்தைதானாம், எனக்கு மட்டும்தான் தெரியாது. பேட்டரிக்கும், நான் தொட்டியில் போடுகிற வரைக்கும், ஒரு கேடும் இல்லையாம். "பின்ன ஏன் சாமி அப்படிச் சொன்னே?" என்றேன். "வேற என்ன சொன்னா அவரு வருவாருங்கப்பா?" என்று கேட்கிறாள். பார்சல் வேண்டாம். குப்பனூர் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, இன்னொரு ரோடு வழியாக வரும் பஸ்ஸில் ஏறுங்கள். கையை வீசிக்கிட்டு வந்தாலும் சரிதானுங்க மாப்பிள்ளை.