கும்கும் அண்ணனின் மூடியில்லாத ஹெட்போன்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இரண்டு காதுகள்தான். கும்கும் அண்ணனுக்கு மட்டும் உடம்பெல்லாம் காது. காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலில் தவில் வாசித்தாலும், கடையில் உட்கார்ந்தபடியே "இடது பக்கத் தோல் தளர்ந்துடுச்சு" என்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சரிசெய்த ரேடியோவைத் திருப்பித் தரும்போது, "கும்முனு இருக்குதா?" என்று கேட்பார். "பேசுதுப்பா, அது போதும்" என்று சொன்னால் போச்சு. பிடுங்கி மறுபடி உள்ளே வைத்துவிடுவார். செய்தி மட்டுமே கேட்கும் ஒரு வாத்தியாரின் ரேடியோ ஒரு தீபாவளிக்கு வந்து, அடுத்த தீபாவளிக்கும் கடையிலேயே இருந்தது. செய்தி வாசிப்பவருக்கு அடித்தொண்டை சரியில்லையாம்.

அவருடைய பெருங்காரியம் ஒரு ஹெட்போன். மெட்ராசில் பழைய சாமான் கடையில் வாங்கியது. வந்ததும் இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி எறிந்துவிட்டு, கொசுவலைத் துணியை ஒட்டினார்.

"மூடி போட்டா குடத்துக்குள்ள தலைய வுட்டுக்கினு கேக்குற மாரி இருக்குது பாப்பா. சத்தத்துக்குக் காத்து வேணும்."

காற்று வந்தது; கும் போய்விட்டது. நாகஸ்வரம் அருமையாகக் கேட்டது. தவில் மட்டும் தகரத்தில் புளியங்கொட்டை விழுவதுபோல் கேட்டது. போனதைத் திரும்பக் கொண்டுவர ஒரு மரப்பெட்டி செய்தார். அதில் ஊறுகாய் பாட்டில் மூடிகளால் மூன்று திருகுகள்: ஒன்று அடிக்குரலுக்கு, ஒன்று நடுவுக்கு, ஒன்று கீச்சுக்கு. முதல் திருகை முழுக்க ஏற்றினால் ஹெட்போன் கரகரவென்று இருமும். இறக்குவார். மனசு கேட்காமல் மறுபடி ஏற்றுவார். எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் பொதுவான சுவரில் தாளம் தட்டிக்கொண்டே மாதக்கணக்கில் திருகினார். சுவருக்கு இந்தப் பக்கம் தறியில் நூலை இறுக்கப் பலகை அடிக்கும் அப்பாவின் கையும் அந்தத் தட்டலோடு சேர்ந்து போகும்.

ஒரு நாள் தெருவில் இறங்கிக் கத்தினார்: "வந்துடுச்சு! கும்முனு வந்துடுச்சு!" கீரைக்காரம்மாவின் காதில்கூட மாட்டிவிட்டார்.

மெட்ராசில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஒருவருக்குச் செய்தி போனது. கோயிலுக்கு வரும்போது பார்ப்பதாகவும், சரியாக இருந்தால் வேலை தருவதாகவும் சொல்லியனுப்பினார். கும்கும் அண்ணனுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. டிரங்குப் பெட்டியைக் கட்டினார். கடையைக் காலிசெய்வதாகச் சொல்லிவிட்டார். வாத்தியாரின் ரேடியோவைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்.

மெட்ராஸ்காரர் வந்தது அமாவாசையன்று. அன்று நெசவாளர்களுக்கு விடுமுறை; தெருவில் ஒரு தறியும் ஓடாது. காலையிலேயே கும்கும் அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மாமா, கும்மு பூடுச்சு மாமா!"

"எங்கப்பா பூடும்? நேத்துகூட இருந்திச்சே."

"காணோம் மாமா! இன்னிக்குன்னு பார்த்துக் காணோம்!"

அப்பா ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். கழற்றிவிட்டு, சத்தமில்லாத தெருவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அழுதுவிடுவதுபோல் நிற்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? "எல்லாத்தையும் ஒரு வாட்டி இறுக்கி வைப்பா, வந்துடும்" என்று அனுப்பிவைத்தார்.

இறுக்கி முடிப்பதற்குள் மெட்ராஸ்காரரின் கார் வந்துவிட்டது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இசைத்தட்டு சுழன்றது. கும்கும் அண்ணனின் கை தானாகச் சுவரில் தாளம் தட்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்டதும், அமாவாசையன்று தறியைத் தொட்டே அறியாத அப்பா, சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தறிக்குழிக்குள் இறங்கினார். நெய்யவில்லை, பலகையை மட்டும் அடித்தார். தும்... தும்...

நான் கடை வாசலில் நின்றிருந்தேன். மெட்ராஸ்காரரின் தலை ஆடியது. "பலே! திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுப்பா" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றினார்.

தும். தும்.

"என்னய்யா இது? நாகஸ்வரம் நின்னுபோச்சு, தவில் நிக்கலையே?"

குழிக்குள் இருந்த அப்பாவுக்கு எப்படித் தெரியும்? உற்சாகமாக அடித்துக்கொண்டே இருந்தார். தெருவே சிரித்தது. மெட்ராஸ்காரரும் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். திங்கட்கிழமையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

கும்கும் அண்ணன் எங்கள் தறியருகே வந்து நின்றார்.

"இத்தினி நாளா இந்தக் கொசுவலை வழியா எனக்குத் தவில் வாசிச்சது நீங்கதானா மாமா?"

"சும்மாதானே வாசிச்சேன். சன்மானமா கேட்டேன்?" என்றார் அப்பா. இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

கும்கும் அண்ணன் அந்த வாரமே கட்டிய பெட்டியோடு தென்னேரியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய், சைக்கிள் கடை வைத்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜில் பிசிக்ஸ் எடுத்த முதல் ஆளும் நானே. ஒலியைப் பற்றிப் படித்தபோது ஒன்று புரிந்தது. அடிக்குரலை ஏற்றியிருக்கவே கூடாது. மற்ற இரண்டையும் இறக்கிவிட்டு, மொத்தச் சத்தத்தைக் கூட்டியிருந்தால் கருவி இருமாது. கும் தானாக மேலே வந்திருக்கும். இவ்வளவுதான் விஷயம். அன்று இதைச் சொல்ல எங்கள் தெருவில் ஒருவரும் இல்லையே என்று இப்போதும் மனசு ஆறவில்லை.

பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனேன். "பெரிய படிப்புக்காரி வந்துட்டாடா" என்று கேலி பேசிக்கொண்டே பரணிலிருந்து ஹெட்போனையும் அந்த மரப்பெட்டியையும் இறக்கினார். அதே இசைத்தட்டு. இரண்டு திருகுகளை இறக்கி, சத்தத்தைக் கூட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாளம் தட்டச் சுவரை நோக்கிப் போன கை பாதியிலேயே நின்றது.

"கும்முனு இருக்குதாண்ணா?"

"அட்டகாசமா இருக்குது பாப்பா." கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றினார். "மாமாவைத்தான் காணோம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் தறிப் பலகையை வழக்கத்தைவிட ஓங்கி அடித்தார். தென்னேரி எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?