சில்வர் பெயின்ட் அடித்த கத்தி

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து என்னை அதிக தடவை அவமானப்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பும் பையும் தைக்கிற ‘தொடாதீங்க’ அண்ணன். எட்டு வருடம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடுரோட்டில் வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பதிலுக்கு நான் அவரை ஒரே ஒரு தடவைதான் அவமானப்படுத்தினேன். அரசாங்க ஊழியன் செய்தது என்பதால் அது பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, முறைப்படி நடந்தது.

நான் வேலை பார்த்த ஆபீசுக்கு எதிரில் அவருடைய தகரக் கடை. அங்கே மாற்றலாகி வந்த முதல் வாரம் பை வார் அறுந்து போய் நின்றேன். அவர் குனிந்து நூலுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கின் மேல் ஒரு கத்தி பிறை மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. சும்மா இருக்காமல் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க!”

ஜெயங்கொண்டம் பஸ் படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டர் விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

“பாக்கத்தாண்ணே எடுக்கப் போனேன்” என்றேன்.

“பாக்கறதுன்னா கண்ணால பாருங்க. ஒங்களுக்கு கையிலயா சார் கண்ணு இருக்கு?”

வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே மரியாதைதான். போலீஸ்காரர், வாத்தியார், பழக்காரம்மா என்று வித்தியாசமே கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. ‘தொடாதீங்க கடைகிட்ட எறக்கி விடுங்க’ என்று சொன்னால் டவுன் பஸ் நிற்கும்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கிக்கொண்டு மீன்சுருட்டிக்குப் போய், அங்கே ஒரு கொல்லரிடம் கொடுத்து அடித்தது. மூன்று நாள் உலை பக்கத்திலேயே உட்கார்ந்து ‘இன்னும் கொஞ்சம் மெலிசா’ ‘இல்ல, அவ்வளவு வேணாம்’ என்று உயிரை எடுத்திருக்கிறார். நான்காம் நாள் வந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவேன் என்று கொல்லர் சொல்லிவிட்டாராம். ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாகத் தீட்டியிருக்கும். மறுபக்கத்தில் முகம் பார்த்து அவர் மீசையை ஒதுக்கிக்கொள்வார், அவ்வளவு வழவழப்பு. பிடி கருவேலங்கட்டை. வருடக்கணக்காக உள்ளங்கை பட்டுப் பட்டு அது புளியங்கொட்டை மாதிரி பளபளத்தது. கட்டைவிரல் அழுந்துகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம்.

குத்தூசிகள் மூன்று. செருப்புக்குத் தடி ஊசி, ஷூவுக்குள் நுழைய வளைந்த ஊசி, பர்சுக்கு மெல்லிய ஊசி. மூன்றுக்கும் முனை உருண்டையாக இருக்காது, நாலு பக்கமும் பட்டை தட்டியிருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“உருண்ட ஊசி தோலை நெருக்கித் தள்ளிக்கிட்டுப் போவும் சார். இது வெட்டிக்கிட்டுப் போவும். நூலு உள்ள போன பொறவு ஓட்ட தன்னால மூடிக்கும். மழையில நடந்தாலும் தண்ணி ஏறாது. நீங்க டவுன்ல வாங்கின செருப்பக் கழட்டுங்க. பாத்தீங்களா ஓட்டைய? எலி கடிச்ச மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டுத்தான் ஆபீஸ்ல கையெழுத்துப் போடுறீங்களா?”

செருப்புக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

அவருடைய வலது கை முழுக்க முடி. இடது கை சுத்தமான வழுக்கை. தீட்டி முடித்ததும் கத்தியின் கூர்மையை அந்தக் கை முடியில்தான் சோதிப்பார். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறவர்கள் கனத்த ஷூக்களைத் தூக்கிக்கொண்டு வரும்போது முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு மயிர் முளைத்திருந்தால், “என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?” என்று விசாரிப்பார்கள். அந்த அளவுக்கு அவருக்கு வேலை இருந்தது. லாரி டிரைவர் பெல்ட், காலேஜ் பிள்ளைகளின் பை என்று குவிந்து கிடக்கும். அவசரம் என்று சொன்னவர்களின் செருப்பைக் கடைசியாகத் தைப்பார்.

ஒருநாள் உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய விவசாயி ஒருவர் காரில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, டயரில் சிக்கியிருந்த ஜல்லிக் கல்லை நெம்பி எடுக்கலாம் என்று மெல்லிய குத்தூசியின் மேல் கையை வைத்தார். அண்ணன் போட்ட சத்தத்தில் டீக்கடையில் பேச்சு நின்றது.

“யோவ், நீ என்னயப் பாத்து தொடாதன்னு சொல்றியா?” என்றார் அவர். அந்த ‘நீ’யும் அந்த ‘என்னய’வும் எங்கிருந்து வருகின்றன என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “ஆமாங்க. நாங்க ரொம்ப காலமா கேட்டுக்கிட்டோம். நீங்க ஒரு தடவ கேளுங்க. ஒண்ணும் ஆயிடாது.”

கார்க்காரர் வெறும் காலோடு போய் காரில் உட்கார்ந்துகொண்டார். செருப்பு தைத்து வந்ததும் பேசாமல் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாசம் குடும்பத்துச் செருப்பு மொத்தத்தையும் சாக்கில் கட்டி அனுப்பி வைத்தார். தையல் அப்படி.

இவரைக் குளிர்விக்கலாம் என்று நான் ஆன்லைனில் பதினெட்டுக் கருவி அடங்கிய தோல் வேலை செட் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். வெல்வெட் வைத்த பெட்டி. அண்ணன் கத்தியை எடுத்துத் தோல் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். தோல் அப்படியே இருந்தது, கத்தி வளைந்தது. ஊசியை எடுத்துக் குத்தினார், பிடி தனியாக வந்தது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொட்டி நல்லா இருக்கு சார்” என்றார்.

மறுநாளிலிருந்து அதில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டார். மரச் சுத்தியல் ஒன்று இருந்தது. அதைக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

இனி என் முறை.

இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துப் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் கைத்தொழில் கண்காட்சி. அண்ணனுடைய கருவிகளை மூன்று நாளைக்கு வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கேட்டதும் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் கேட்டபோது முறைத்தார். மூன்றாம் நாள், நூலை வாயில் கடித்துக்கொண்டே, “எம் பேரு போடுவீங்களா?” என்றார்.

“கண்டிப்பா போடுவோம்ணே.”

“இங்க எழுதிக் காட்டுங்க.”

ஒரு வெள்ளை அட்டையில், தோல் கைவினைஞர் என்று போட்டு, அவர் சொன்ன பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“அப்பா இனிஷியலு போட்டிருக்கீங்கள்ல? சரி. எனக்கே எம்பேரு மறந்துடும்போல இருக்கு சார். வூட்டுலகூட இப்ப கிண்டலுக்கு தொடாதீங்கன்னுதான் கூப்புடுதுங்க.”

கத்தியையும் மூன்று ஊசிகளையும் எண்ணெய்த் துணியில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். மூன்று நாள் கடை கிடையாது என்று தகரத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் எங்கள் அதிகாரி வந்து பார்த்தார். “என்னய்யா இது, பிடியெல்லாம் கறுப்பா அழுது வடியுது? பெரியவங்க வர்ற இடம்” என்றார். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. அசையாமல் நிற்கிற எதற்கும் பெயின்ட் அடித்துவிடுவோம். ரோட்டோரக் கல், பூந்தொட்டி, புளியமரத்தின் இடுப்பு வரைக்கும், எதுவும் தப்பாது. நான் பெயின்டரைக் கூப்பிட்டு, “இதையும் கொஞ்சம் பளபளன்னு ஆக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்குப் பாயசம் இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது கத்தி முழுக்க சில்வர் பெயின்ட். பிடிகளுக்குச் சிவப்பு.

பெயின்டர் உழைப்பாளி. “சும்மா அடிச்சா ஒட்டாது சார். உப்புத்தாள் போட்டு நல்லா தேச்சிட்டுத்தான் அடிச்சேன். வெளிம்பு ஒரே கூரா இருந்துச்சு, வர்றவங்க கைய கிழிச்சிக்கப் போறாங்கன்னு அதையும் மழுக்கிட்டேன்” என்றார். ஊசிகளைப் பிளைவுட்டில் நட்டு நிறுத்துவதற்காகச் சுத்தியலால் அடித்திருந்தார். மெல்லிய ஊசியின் முனை உடைந்து போயிருந்தது. அது தெரியாமலிருக்க அந்த இடத்தில் பெயின்ட் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

மேலே ஃபிளெக்ஸ் பலகை: ‘பண்டைய காலத் தோல் கருவிகள்’. கீழே வரவேற்போர், தலைமை ஏற்போர், வாழ்த்துவோர் என்று ஒன்பது பேர். நான் அட்டையை எடுத்து, “சார், இவரு பேரு” என்று இழுத்தேன்.

“எடம் எங்கய்யா இருக்கு?” என்றார் அதிகாரி.

நான் அட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பாக்கெட்டில் இடம் இருந்தது.

மறுநாள் காலை அரியலூர் பஸ்ஸைப் பிடித்து அண்ணன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். தோரணக் கயிற்றுக்கு வெளியே நின்று பலகையில் இருந்த ஒன்பது பெயரையும் மெதுவாகப் படித்தார். ஒருவேளை அந்தப் பக்கம் எழுதியிருப்பார்களோ என்று சுற்றிப் போய்ப் பின்பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கத்தியைப் பார்த்தார்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “முந்தா நாள் வரைக்கும் சிமெண்டுக்காரங்க ஷூ வெட்டுனது சார் இது. அதுக்குள்ள பண்டைய காலம் ஆயிடுச்சா?”

“கயித்தத் தாண்டி வாங்கண்ணே. கையில எடுத்துப் பாருங்க, ஒங்களோடதுதான” என்றேன்.

அவர் கத்திக்கு முன்னால் நாங்கள் வைத்திருந்த சின்னப் பலகையைக் காட்டினார். ‘தயவுசெய்து தொடாதீர்கள்’.

“வேணாம் சார். போர்டு வெச்சிருக்கீங்கல்ல.”

அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

கருவிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு இரண்டு வாரம் கடை திறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பெயின்டைச் சுரண்டி, மழுங்கிய விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மறுபடி கூராக்கினார். கத்தி ஒரு விரல் அகலம் குறைந்து போனது. பிடியின் பள்ளத்தில் சிவப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. வாய் பிளந்த ஷூவோடு ஆலத்தியூர்க்காரர்கள் ஆபீசுக்கே வந்து என்னைத் தேடினார்கள். கழிவறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கடை திறந்த அன்று தயங்கித் தயங்கிப் போனேன். “வாங்க சார், ஒக்காருங்க சார்” என்றார். என் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கத்தியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “வேணும்னா எடுத்துப் பாருங்க சார், அதுக்கென்ன” என்று அவரே எடுத்து நீட்டினார். எட்டு வருடமாக ஆசைப்பட்ட கத்தி. அந்தப் பள்ளத்தில் என் கட்டைவிரல் பொருந்தவே இல்லை. உடனே வைத்துவிட்டேன். அதிலிருந்து இரண்டு வருடம் எனக்கு அங்கே மரியாதைதான். அந்த மாதிரி மரியாதை என் விரோதிக்கும் வேண்டாம்.

இதற்கிடையில் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். போன வாரம் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கப் போனேன். சாக்கின் மேல் புதிதாக ஒரு கத்தி கிடந்தது. மீன்சுருட்டிக் கொல்லர் மறுபடி மூன்று நாள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“எழுதிக்குங்க” என்றார்.

“இந்தத் தடவ பேரு போடறேண்ணே. அந்த அட்ட இன்னும் எங்கிட்டதான் இருக்கு.”

“வேணாம் சார். அன்னிக்குப் போட்டிருந்தா போதும்.”

குனிந்து உட்கார்ந்திருந்தேன். கண் முன்னால் புதுக் கத்தியின் விளிம்பு வெயிலில் மெல்லிய கோடாகத் தெரிந்தது. எப்போது கையை நீட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“தொடாதீங்க!”

பஸ் ஸ்டாண்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. “தலை நரச்சும் புத்தி வல்லியே சார் ஒங்களுக்கு! கைய எடுங்க!” என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

கையை எடுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது தேவைப்பட்டது. வீட்டுக்குப் போக பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும், இறங்கிப் போய் இன்னொரு தடவை அந்தக் கத்தியைத் தொட்டுவிட்டு வரலாமா என்று இருந்தது.