ஐந்து கழுத்துக்கு ஒரு டை

நெக்கார் ஆற்றுப் பாலத்தில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரோவாசிய உணவகம். அதன் கதவை நான் அறைந்து சாத்திய சத்தம் இன்னும் காதில் இருந்தது. கழுத்தில் ஒரு கறுப்பு டை. அதைக் கழற்றி ஆற்றில் எறியத்தான் விருப்பம். ஏலவில்லை. அது கழுத்தைவிட்டு வரமாட்டேன் என்றது.

அப்போது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். ஐவருக்கும் சேர்த்து ஒரே டை. முன்பு அந்த வீட்டில் இருந்த எவனோ முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுக் கனடா போய்விட்டான். எங்களில் எவனுக்கும் கட்டத் தெரியாது. ஆகவே அவிழ்ப்பதில்லை. தளர்த்தித் தலைவழியே கழற்றி ஆணியில் மாட்டுவோம். கலியாணம், செத்தவீடு, விசாக் கந்தோருக்கு வரச்சொல்லி நாள் குறிக்கிற டேர்மின், எல்லாவற்றுக்கும் அதே முடிச்சு. (நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்ற நால்வரும் படித்தவர்கள். அவர்களுக்கும் தெரியாது என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு திருப்தி.)

வெள்ளிக்கிழமைக்குள் வேலைக் கடிதம் காட்டினால்தான் என் விசா நீளும். அதற்கு முன் மூன்று நாடுகள் என்னை வெளியே தள்ளியிருந்தன. அந்தக் குரோவாசிய உணவகத்தில் கிழங்கு தோலுரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று, எங்களில் மூத்தவரான தவம் அண்ணை அறிந்து வந்தார்.

"கிழங்கு உரிக்க ஏன் அண்ணை டை?"

"முதலாளி உன்ர கையைப் பாக்கமாட்டானடா, கழுத்தைத்தான் பாப்பான். போட்டுக்கொண்டு போ."

பார்த்தார். முதலாளி, தன் நாட்டுச் சண்டைக்குத் தப்பி ஓடிவந்த பெரிய மீசைக்காரர். டையைக் கண்டு முகம் மலர்ந்து, இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்றார். இருந்த ஜெர்மனையெல்லாம் திரட்டி, இங்கிலாந்திலிருந்து என்றேன்.

மலர்ந்த முகம் கறுத்தது. அரை மணிநேரம் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். பல நூறு வருடங்களுக்கு முன் குரோவாசியச் சிப்பாய்கள் கழுத்தில் துணி முடிந்துகொண்டு சண்டைக்குப் போனார்களாம். காதலிகள் கட்டிவிட்ட துணியாம். அதைப் பார்த்துப் பிரான்சின் ராசாவே கட்டிக்கொண்டானாம். ஜெர்மனில் டைக்கு வைத்த பெயரே அவர்களுடைய பெயர்தானாம்.

"குரோவாட்டெ, கிரவாட்டெ. கேட்கிறதா? என் நாடு உலகத்தின் கழுத்தில் தொங்குகிறது."

கேட்டது. காலையிலிருந்து ஒன்றும் விழாத என் வயிறும் கேட்டது. நீயும் சண்டையில் ஓடிவந்தவன், நானும் ஓடிவந்தவன். உன் நாடு மந்திரிமார் கழுத்தில் தொங்குகிறது, என் நாடு என் சட்டைப்பையில் நாலாக மடித்துக் கிடக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று அவர் முகத்தில் எறிய ஆத்திரம் வந்தது. அவ்வளவு ஜெர்மன் என்னிடம் இல்லை.

தன் கடையில் வேலை செய்பவன் முறையாகக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று, அவரே விரலை நுழைத்து முடிச்சை உருவிவிட்டார். கனடாக்காரனின் முடிச்சு ஒரு நொடியில் போயிற்று. கட்டு என்றார்.

என் கைக்குத் தெரிந்தது மாடு கட்டும் முடிச்சு ஒன்றுதான். கட்டினேன். மாடு இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. சமையற்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. தன் நாட்டுக் கொடியை மிதித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, கதவைக் காட்டினார்.

வீட்டில் தவம் அண்ணை நகத்தால் முயன்றார், பல்லால் முயன்றார். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐஞ்சு பேரின்ர விசாவை வெட்ட வச்சிட்டியேடா" என்றார், வெட்டிக்கொண்டே.

இன்றைக்கும் நான் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தால் என் மகள் விடுவதில்லை. "அப்பா, இது இங்கிலீஷ் முடிச்சோ, மாட்டு முடிச்சோ?" அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த மீசை ஞாபகம் வந்து இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

டையை வெட்டிய மறுநாள் விடிய, ஆறாத கோபத்தோடு ஒரு பாண் சுடும் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். அங்கிருந்த மேற்பார்வையாளரும் முதலில் கழுத்தைத்தான் பார்த்தார். மா பிசையும் யந்திரம் இழுத்துவிடும், சங்கிலி, சால்வை, டை ஒன்றும் தொங்கக்கூடாது என்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன். ஒன்றும் தொங்கவில்லை. சுற்றிவர ஒரு சிவந்த தடம் மட்டும் இருந்தது.

இது என்ன என்று கேட்டார்.

"குரோவாசியா" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வெள்ளைத் தொப்பியைத் தந்து, யந்திரத்தடியில் கொண்டுபோய் விட்டார்.