ஏழாம் பக்கம் படிக்காத நீதிபதி

நீதிபதிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் சட்டம் படித்தவர்கள், கறுப்பு அங்கி போட்டவர்கள், ஒரு வழக்கை விசாரித்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடுபவர்கள். அவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. இவர்கள் சட்டம் படித்ததில்லை. காலையில் செய்தித்தாள் படிப்பார்கள், அதையும் பாதிதான் படிப்பார்கள், ஆனால் அந்தப் பாதிக்குள்ளேயே குற்றம் யாருடையது, எத்தனை வருடம் உள்ளே தள்ள வேண்டும், பெற்றவர்கள் எந்த லட்சணத்தில் வளர்த்திருப்பார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்துவிடும்.

இந்த இனத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? எங்கேதான் இல்லை? பஸ் நிறுத்தத்தில் இருப்பார்கள், பல் டாக்டரின் வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள், அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்காத முதல் அரைமணி நேரத்தில் கூட்டமாகவே இருப்பார்கள். கொலை, கொள்ளை, விவாகரத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு கைவசம் வைத்திருப்பார்கள் என்றாலும், வண்டி மோதிய வழக்கு என்றால்தான் முகத்தில் தனிக் களை வரும்.

ஓட்டியவனுக்கு இருபது வயதா? "அப்பன் காசு, திமிரு." நாற்பதா? "செல்போன்ல பேசிக்கிட்டே வந்திருப்பான்." அறுபதா? "இந்த வயசுல எதுக்குய்யா வண்டி? வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!" பெண்ணா? வாயே திறக்க மாட்டார்கள். ஒரு சிரிப்பு சிரிப்பார்கள், அதுவே தீர்ப்பு. வண்டி சிவப்பு நிறம் என்று நிருபர் தெரியாத்தனமாக எழுதிவிட்டாலோ, தொலைந்தது. "சிவப்பு வண்டி வாங்குறவன் மெதுவா ஓட்டவா வாங்குறான்?" எந்த வயதில் எந்த நிற வண்டியை ஓட்டினால் இவர்களிடம் விடுதலை கிடைக்கும் என்று நானும் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் தெரு சலூனுக்கு இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் வருகிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். 'ஹைகோர்ட்' என்று பெயர் வைத்துவிட்டோம். அது அவருக்கும் தெரியும், உள்ளூர மகிழ்ச்சிதான். வாழ்க்கையில் அவர் ஓட்டிய ஒரே வாகனம் பேத்தியை வைத்துத் தள்ளும் குழந்தை வண்டி. அதையும் ஒருமுறை பூந்தொட்டியில் கொண்டுபோய் மோதினார். தொட்டியை அங்கே வைத்தவர் மேல்தான் தப்பு என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று தன் கடைச் சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார். கண்ணாடி விற்கும் கடையில் முதல் வரியை ஏன் மாட்டினார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சலூனில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குவது ஒரே ஒரு செய்தித்தாள், காத்திருப்பதோ ஐந்தாறு பேர். ஆகவே தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். முதல் பக்கம் ஹைகோர்ட்டுக்கு. அதில் செய்தி பாதியிலேயே நின்று, அடியில் '7-ஆம் பக்கம் பார்க்க' என்று போட்டிருக்கும். ஏழாம் பக்கம் வேறொருவர் கையில் இருக்கும். எழுந்து போய் அதைக் கேட்டு வாங்குவது ஹைகோர்ட்டுக்குக் கௌரவக் குறைச்சல். மீதியை அவரே ஊகித்துக்கொள்வார்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் பக்கத்தின் மூலையில் ஒரு செய்தி: இரண்டு வாரத்துக்கு முன்பு சாலையைக் கடந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மீது ஸ்கூட்டர் மோதி அவர் கால் முறிந்தது. சிக்னலில் பச்சை எரிந்ததாக ஓட்டியவர் சொல்கிறார், சிவப்பு எரிந்ததாக ஓரத்தில் நின்ற பூ வியாபாரி சொல்கிறார். வியாழக்கிழமை விசாரணை. 7-ஆம் பக்கம் பார்க்க.

ஹைகோர்ட் அதைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறினார். கழுத்தில் துணி கட்டி, முகம் முழுக்க நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்தாகிவிட்டது. வாய் மட்டும் சாயவில்லை.

"பச்சையாம் பச்சை! மாட்டிக்கிட்டவன் எவன்யா சிவப்புன்னு சொல்லுவான்?"

"கொஞ்சம் அசையாம இருங்க சார்" என்றார் சலூன்காரர்.

"லைசென்ஸ கிழிச்சுப் போடணும். ஒரு வருஷம் உள்ள வச்சாத்தான் புத்தி வரும்."

"இந்தப் பக்கம் திருப்புங்க சார்."

"ஒரு வருஷம் எதுக்குப் பத்தும்? மூணு வருஷம்!"

கத்தி காதோரத்திலிருந்து தாடைக்கு இறங்கியது. பெஞ்சில் இருந்த நாங்களும் சும்மா இருக்கவில்லை. மூன்று கொஞ்சம் அதிகம், இரண்டு போதும் என்று நான் சொன்னேன். எனக்கு இளகிய மனசு. எதிர்க்கடைத் தையல்காரருக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம், எதையும் முழுதாகப் படிக்க வேண்டும் அவருக்கு.

"ஏழாம் பக்கம் யாருகிட்டப்பா இருக்கு?" என்றார்.

யாரிடமும் இல்லை. விளையாட்டுப் பக்கம் இருந்தது, வரி விளம்பரப் பக்கம் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் தேடினோம், எழுந்து நின்று நாங்களே எங்களுக்குக் கீழே பார்த்துக்கொண்டோம். சலூன்காரர் தலை நிமிராமல் சிரைத்துக்கொண்டிருந்தார். கத்தியில் சேரும் நுரையை வழிப்பதற்காக, வாடிக்கையாளர் தோளில் பழைய பேப்பரைச் சதுரமாகக் கிழித்துப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்கு ஹைகோர்ட்டின் தோளில் கிடந்த துண்டைத் தையல்காரர் குனிந்து பார்த்தார். அது பழைய பேப்பர் இல்லை.

"இங்க கிடக்கே!" என்று நுரைக்கு நடுவில் தெரிந்ததைச் சத்தமாகப் படித்தார். "ஸ்கூட்டரை ஓட்டி வந்தவர்... வயது நாற்பத்திரண்டு... கடைத்தெருவில் சலூன் நடத்தி..." அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

ஹைகோர்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. நுரை இருந்ததால் ஈ உட்கார இடமும் இல்லை. கத்தி அந்த நேரம் தொண்டைக்குழிக்கு நேராக இருந்தது.

"ஆனா ஒண்ணு பாக்கணும்" என்றார் ஹைகோர்ட், உதடு அசையாமல். "வயசானவங்களும் ரோட்டப் பாத்துத்தானே நடக்கணும்? தபால்காரர் வேற. வேகமா நடந்தே பழகியிருப்பாரு."

மேல்முறையீடு, மறுவிசாரணை, விடுதலை எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. கால் முறிந்து கிடந்தவர் குற்றவாளியானார். இப்படி ஓர் அந்தர் பல்டியை நான் சர்க்கஸில்கூடப் பார்த்ததில்லை.

சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சார். நேத்து சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டுத்தான் வந்தேன். 'பச்சையாய்யா, சிவப்பா'ன்னு என்னையே கேக்குறாரு, அவருக்கு ஞாபகம் இல்ல. எனக்குப் பச்சைன்னுதான் பட்டுச்சு. இப்ப அந்தப் பூக்காரர் சிவப்புன்னு சொன்னதுலேர்ந்து எனக்கே தெரியல. பதினஞ்சு நாளா கண்ண மூடுனா ரெண்டு விளக்கும் எரியுது சார்."

கத்தியைத் துடைத்துக்கொண்டே, "தீர்ப்பு எதிரா வந்தா ஆறு மாசம் உள்ள போகணுமாம். கடையப் பூட்டிட்டா என்ன பண்றது? வீட்டுல புள்ளைங்க ரெண்டும் படிக்குதுங்க" என்றார். பிறகு மறுபடியும் நுரையைக் குழைக்க ஆரம்பித்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஹைகோர்ட்டுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. முகம் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அடுத்த குற்றவாளி தயாராக இருந்தான். "எல்லாம் அந்தப் பூக்காரன் வேலை. அவன் கூடையப் பாப்பானா, சிக்னலப் பாப்பானா? பொய்ச்சாட்சி! அவனப் பிடிச்சு உள்ள போடணும்."

வியாழக்கிழமை சலூன் பூட்டியிருந்தது. தையல்காரரும் நானும் ஹைகோர்ட்டும் துணைக்குப் போனோம். நீதிபதி ஒரு அம்மா, நல்ல ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையும் கையுமாகவே இருந்தார். பூ வியாபாரி எந்த இடத்தில் நின்றார், அங்கிருந்து பார்த்தால் எந்தப் பக்கத்து விளக்கு தெரியும், காலை வெயில் எந்தத் திசையில் அடித்தது என்று பொறுமையாகக் கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் சலூன்காரரைப் பார்த்து, "பச்சைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்றார்.

அவருடைய வக்கீல் பின்னாலிருந்து இருமினார். சலூன்காரர் அதைக் கவனிக்கவில்லை. "இல்லைங்கம்மா" என்றார்.

"எனக்கும் இன்னும் தெரியல. அந்த விளக்கு அன்னிக்கு ஒழுங்கா எரிஞ்சுதான்னு அறிக்கை வரட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான். எங்கள் தெரு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் 'எனக்குத் தெரியல' என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கமாட்டார். அதைச் சொன்னவர் தீர்ப்புச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குபவர். வெளியே வந்ததும் ஹைகோர்ட் கொதித்துப் போனார். "தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு ஜட்ஜா? நான் மட்டும் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா பத்தே நிமிஷம்!" சலூன்காரர் சுவரோரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னைய ஒரு வார்த்தை கேட்டாங்களே சார், அதுவே போதும்" என்றார்.

அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. எரிந்தது பச்சையா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. இதில் எந்த இடத்திலும் நான் அதைச் சொல்லவும் இல்லை, வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஷேவ் பண்ணிவிட்டார் என்று படித்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? 'பாவம், தங்கமான மனுஷன், பச்சையாகத்தான் இருந்திருக்கும்' என்றா? இல்லை, 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, சிவப்பேதான்' என்றா? எதுவாகவும் இருக்கட்டும். அந்த அம்மா இன்னும் அறிக்கைக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டீர்கள், கனம் நீதிபதி அவர்களே.