மூன்றாவது கம்பத்தில் முறிந்த உலக ரெக்கார்ட்

செஞ்சி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய தாண்டவராயன் மச்சான் அவர்களுக்கு, கலியபெருமாள் கைகூப்பி எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை விருத்தாம்பாள், மகள் ஜெயசுதா மூவரும் சுகம். சுகம் என்பது வழக்கத்துக்குச் சொல்வது. உண்மையில் சந்தோஷத்தில் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஜெயசுதாவை உங்கள் ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். விளையாட்டு விடுதித் தேர்வு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்றதற்கு, "ஓட்டம் சோறு போடுமா? எழுத்துல கணக்கு காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். இதோ கணக்கு.

பனமலை ரோட்டில் அவளை ஓடவிட்டேன். முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவனுக்கு டேப் எதற்கு? கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது மீட்டர். முதல் கம்பத்தில் கிளம்பி மூன்றாவது கம்பத்தைத் தொட்டால் நூறு. செல்போனில் படம் பிடித்து, வினாடிக்கு முப்பது படம் வீதம் ஒவ்வொன்றாக எண்ணினேன், மொத்தம் இருநூற்று எண்பத்திரண்டு, அதாவது ஒன்பது புள்ளி நாலு வினாடி. மச்சான், ஆண்களின் உலக ரெக்கார்டே ஒன்பதரைக்கு மேல்தான்! மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், நம்ம டவுன் பஸ் அவளிடம் பிச்சை வாங்கணும். எடை நாற்பத்தாறு கிலோ, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்து, நேரத்தாலும் வகுத்தால் இருநூற்று எழுபத்தேழு வாட் வருகிறது. நாலு ஃபேன் ஓடும் மச்சான், கரண்ட் போனால்கூட கவலையில்லை! மொத்தம் நாற்பத்தோரு எட்டு வைத்தாள், ஒரு எட்டுக்கு எட்டடி.

இந்த இடத்தில் உங்கள் தங்கை வாயைத் திறந்தாள். "அஞ்சடிப் பொண்ணு எட்டடிக்கு எட்டு வெப்பாளா? இன்னா கணக்கு இது?"

"நியூட்டன் மூணாவது விதி. தரையை உதைச்சா தரை திருப்பி உதைக்கும்" என்றேன். "உன்ன எவன் உதைக்கிறது?" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு விஞ்ஞானம் வராது.

ஆகவே திங்கட்கிழமைப் பயணத்தைக் கைவிடுங்கள். உலகமே பார்க்கப்போகிற பிள்ளையை டியூஷனில் உட்கார வைக்காதீர்கள். அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு, உங்கள் அன்பு
கலியபெருமாள்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். ஒட்டப் போன கடிதத்தை ஜெயசுதா வாங்கிப் படித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். அறுபத்தெட்டு மீட்டர்தான் இருக்கிறது. அந்த மூன்றாவது கம்பம், இங்கிருக்கும் உங்கள் நிலத்து மோட்டாருக்கு லைன் வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றபோது, இரண்டாவது கம்பத்திலிருந்து பதினெட்டாவது மீட்டரில் நானே நடுவில் சொருகிய கம்பம். என் கையால் நட்டது, எனக்கே மறந்துபோனது. வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் விடவில்லை. முழு நூறு மீட்டரை அளந்து மறுபடி ஓடினாள். பதின்மூன்று புள்ளி இரண்டு. "அதையே எழுது நைனா. செலக்‌ஷனுக்குப் பதிமூன்றரைதான் கேக்குறாங்க. எனக்கு உலக ரெக்கார்ட் வாணாம், ஒரு சீட்டு போதும்" என்றாள்.

ஞாயிறு காலையே வந்துவிடுங்கள் மச்சான். இந்த முறை டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள்.