நானூறு வீட்டுக் காப்பிப் பரணி

வாழ்க இருதயநாதன்! ஏலாக்குறிச்சி ஈன்ற ஏந்தல் வாழ்க! கூட்டல் வாளேந்தி, கழித்தல் கேடயம் தாங்கி, வகுத்தல் தேரேறி, வர்க்கமூலம் என்னும் வல்வில்லை நாணேற்றி, தசமப்புள்ளி ஒன்றும் தவறவிடாத தகைமையாளன் வாழ்க! கொள்ளிடக் கரை தொடங்கிச் செட்டிகுளத்து மலை வரை எண்ணத் தெரிந்தோர் எத்தனையோ பேர் உண்டு. எவ்வளவு எண்ணினால் போதும் என்று தெரிந்தவன் இவன் ஒருவனே. அப்படித்தான் அவன் நம்பியிருந்தான்.

அடைக்கல மாதாவே! அவன் ஏறிய படிகளையும் குடித்த காப்பியையும் பாடுவதற்கு அடியேனுக்கு நாவன்மை தருவாயாக. வயிற்று வன்மையை மட்டும் அவனுக்கே கொடுத்துவிடு.

யுத்தம் ஓய்ந்தும் பங்கீடு ஓயாத நாற்பத்தாறாம் ஆண்டு அது. அரியலூர் டவுனில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் காப்பி குடிக்கிறார்கள் என்று மேலிடம் கேட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் டவுனுக்குச் சர்க்கரை அளப்பார்களாம். சப்ளை ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த நம் வீரன் தலையில் அந்தக் கேள்வி வந்து விடிந்தது. சரியான விடை கொண்டுவந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் ஆரோக்கிய செல்வி அவனுக்கு. "நெரந்தரம்னு காயிதம் வரட்டும் தம்பி, மறு ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்" என்று பெண்ணைப் பெற்ற சவரிராஜ் பிரகடனம் செய்திருந்தார். அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காவியத்துக்கு இது போதாது, அவனுக்குப் போதும்.

முதற்போர் ஆபீசிலேயே மூண்டது. குன்றெனக் குவிந்த கோப்புகளின் நடுவே, மத்தளத் தொந்தியை மேசைமேல் சாத்தி, மின்விசிறியின் கீழ் அரைக்கண் மூடி வீற்றிருந்த சப்ளை ஆபீசர் அமிர்தலிங்கம் திருவாய் மலர்ந்தார்: "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். நம்ம பியூன் அமாவாசை வூட்ல கேட்டு எழுதிட்டுப் போப்பா!"

சினவேங்கை சீறியது: "பானையக் கிளறினாத்தான் சார் ஒரு சோறு பதம்! கிளறாத பானையில அடி தீஞ்சு கெடக்கும், மேல அரிசியா நிக்கும். ஊருங்கிறது கிளறாத பானை!"

அமிர்தலிங்கம் ஒரு கண்ணை முழுதாகத் திறந்து, நூறு வீடு தந்தார். வீரன் மறுத்தான். நூறு வீடு பார்த்து ஐம்பது என்று சொன்னால் உண்மை நாற்பதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். நானூறு பார்த்தால் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே அதை அடைத்துவிடலாம். அந்த வேலிக்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர் சொன்னான். நூறு தரம் இப்படி வேலி போட்டால் தொண்ணூற்றைந்து தரம் உண்மை என்னும் பசு உள்ளே நிற்கும், ஐந்து தரம் அடுத்தவன் கொல்லையில் மேயும் என்றும் ஒளிக்காமல் சொன்னான்.

"நாலு மடங்கு நடந்தா பிழை பாதிதான் கொறையுமா? இது என்னப்பா வியாபாரம்?" என்று கேட்டார் அமிர்தலிங்கம். ஆனாலும் நானூறுக்கு அனுமதி கிடைத்தது, ஏனென்றால் அதற்குள் ஆபீசருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

டவுனின் வீட்டிலக்கங்கள் அத்தனையையும் சீட்டெழுதி, பிஸ்கோத்து டப்பாவில் இட்டு, பானையைக் கிளறுவதுபோலக் குலுக்கிக் குலுக்கி, குருடன் கைபோல நடுநிலை தவறாத கையால் நானூறை எடுத்தான். எடுத்தபின் ஒரு சபதமும் செய்தான். கேட்டால் சர்க்கரை ஆசையில் எல்லாரும் ஆமாம் என்பார்கள், ஆகவே கேட்கமாட்டான். வாய் பொய் சொல்லும், டம்ளர் சொல்லாது. போய் உட்காருவான், ஊர் நிலவரம் பேசுவான். காப்பி வந்தால் அது காப்பி வீடு, வராவிட்டால் இல்லை. இந்த மதியூகத்தை எண்ணித் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான்.

புறப்பட்டான் புலியேறு! புழுதி எழ, தெருநாய்கள் கட்டியம் கூற, கைக்குடையே வெண்கொற்றக்குடையாக, செருப்பே முரசமாக, சந்தைத் தெருவை வளைத்து, கோயில் தெருவை முற்றுகையிட்டு, ரயிலடியைக் கைக்கொண்டு, ஓட்டு வீடென்றும் கூரை வீடென்றும் பாராமல் புகுந்து புகுந்து அவன் அமர, அமர்ந்த இடமெல்லாம் ஆவி பறக்க வந்தது காப்பி. வெல்லக் காப்பி, வறக்காப்பி, புகைநாற்றக் காப்பி, காப்பி என்று சொன்னால்தான் தெரியும் காப்பி! ஒரு வீடு தப்பவில்லை. நெஞ்செரிந்தது, வாரக்கணக்கில் கண் மூடவில்லை. ஆயினும் வந்த டம்ளருக்குப் புறங்காட்டினானில்லை.

கடைசி வீடு ஒன்றே பாக்கி இருக்கையில் கணக்கைப் போட்டுப் பார்த்தான். நூற்றுக்கு நூறு! காப்பி வராத வீட்டின் பங்கு பூஜ்யமாகையால் பிழையும் பூஜ்யமாயிற்று. வேலியின் இரு காலும் ஒரே குழியில் இறங்கின. பிழையே இல்லாத கணக்கைக் கண்டால் கணக்கன் பயப்பட வேண்டும். இவன் மீசையை முறுக்கினான்.

கடைசிச் சீட்டு சவரிராஜின் வீடாக வாய்த்தது. ஆரோக்கிய செல்வியே காப்பி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு டம்ளரைப் பார்த்தான். அதில் புள்ளிப் புள்ளியாக 'கமலவேணி' என்று பெயர் வெட்டியிருந்தது.

"இது யாரு டம்ளருங்க?"

"ரயில்வே குமாஸ்தா சம்சாரம் கமலவேணியக்காவோடதுங்க. நீங்க வரீங்கன்னதும் பின்வாசல் வழியா காப்பியோட வாங்கியாந்தேன். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான். விருந்தாளிக்குத்தாங்க காப்பி. வூட்டு ஆளுங்களுக்கு நீராகாரம்தான்."

இடி விழுந்த பனைபோல நின்றான் வீரன். சந்தைத் தெருவில் குடித்த டம்ளரிலெல்லாம் 'ஷரீபா' என்றும், கோயில் தெருவில் குடித்ததிலெல்லாம் 'செல்வம்மாள்' என்றும் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெருவுக்கு ஒரு வீட்டுக் காப்பி முன்னே ஓட, அவன் பின்னே போய்க் குடித்திருக்கிறான்.

"செல்வி, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்று அதட்டிய சவரிராஜ் இவன் பக்கம் திரும்பி, "நூத்துக்கு நூறுன்னே எழுதிருங்க தம்பி. யாரு கேக்கப் போறா? வேல வந்துரும்" என்றார்.

ஐயகோ! அன்று ஆபீஸ் வரை நீண்ட அந்தத் தெருவில் அவனுக்குள் நடந்த போரை என்னென்பேன்! ஒருபுறம் நிரந்தரம், ஓலை, அவள் முகம். மறுபுறம் வெறும் ஒரு கணக்கு. கணக்கின் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை. அவனுக்கு அழுகை வந்தது.

அமிர்தலிங்கத்தின் முன் நின்று முழங்கினான்: "சார், நானூறு வூடு ஏறி நான் கண்டது ஒண்ணுதான். அரியலூர்ல வந்தவனுக்குக் காப்பி குடுக்காத வூடு இல்ல. அதுல பிழையே கெடையாது. தெனம் காப்பி குடிக்கிற வூடு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. மறுபடி எண்ணணும்."

ஆபீசர் மணியை அடித்தார். "அமாவாசை, உங்க வூட்ல காப்பி உண்டா?"

"நல்ல நாளுல கூட கெடையாதுங்க."

"பூஜ்யம்னு எழுதினா நல்லாருக்காது, பத்துல ஒரு வூடுன்னு நானே எழுதிக்கிறேன். நீ தற்காலிகமாவே இருப்பா" என்று அருளி அவர் கண்களை மூடிக்கொண்டார்.

கொடி சாய்ந்து, முரசு கிழிந்து, தேரச்சு முறிந்து, தோல்வியைத் தோளில் சுமந்து, சொல்லிவிட்டாவது போவோம் என்று சவரிராஜின் வீட்டுக்கே திரும்பிய அம்மறவன், நடந்ததை ஒன்று விடாமல் உரைத்துத் தலைகுனிந்து அமர்ந்தான். சவரிராஜ் உள்ளே நின்ற மகளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். கமலவேணி வீட்டுக்கு ஓடும் காலடி கேட்கிறதா என்று, பகைவர் குளம்பொலிக்குச் செவி சாய்க்கும் காவலன்போல, மூச்சடக்கிக் கேட்டிருந்தான்; பின்வாசல் கதவு திறக்கவே இல்லை.

ஆரோக்கிய செல்வி ஒரு செம்பு நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள்.