சிவப்பு நூல் மேலே

"ஞாயித்துக்கிழமை இந்த விமானம் பறக்கலைன்னா மேஜை உனக்கு" என்று ஸ்டாமென் மனைவியிடம் சபதம் போட்டான். அதுவும் மாடிவீட்டு வெலிகோவைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு.

தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். ரூசே நகரத்து அந்தச் சின்ன ஃபிளாட்டில் இருப்பதே ஒரு மேஜை. மூன்று வருஷமாக அதன்மேல் அவன் கட்டுகிற பொம்மை விமானத்தின் இறக்கைகளும் பசையும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து அவன் எரிபொருள் காய்ச்சினால், ஆஸ்பத்திரிக்குள் யாரோ பஜ்ஜி போடுகிற வாசனை வரும். அவன் மனைவி ரலிட்சா அஞ்சல் வழியில் சட்டம் படிக்கிறாள். எங்கே படிக்கிறாள்? இஸ்திரிப் பலகையின் மேல். பக்கம் புரட்டினால் பலகை ஆடும். அடுத்த மாதம் பரீட்சை. பொம்மைக்கு மேஜை, படிப்புக்கு இஸ்திரிப் பலகை. இது என்ன நியாயம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளைத் தவிர.

சபதத்துக்கு மறுநாள் அவள் சண்டையை நிறுத்தினாள். அங்கேதான் ஸ்டாமெனுக்குச் சந்தேகம் வந்தது. பாலாடைக்கட்டி அடைத்த பனிட்சாவைச் சுடச்சுடச் சுட்டுக் கொடுத்தாள். இறக்கை அழகாக இருக்கிறது என்றாள். விமானம் நொறுங்கினால் லாபம் இவளுக்கு. பிறகு எதற்கு இந்தக் கரிசனம்? எரிபொருளை முகர்ந்து பார்த்தான். திருகாணிகளை எண்ணினான். பனிட்சாவைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றான்.

அவள் சொல்லி அவன் எதையும் நம்பியதில்லை. மழை வரும் என்றால் குடையை வைத்துவிட்டுப் போவான். சூப் சூடு என்றால் உடனே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான்.

சனிக்கிழமை முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைத் தூக்கி வெலிகோவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. விமானத்தைக் கையில் பிடித்திருந்து பறக்க விடுகிறவன் அவன்தான்.

"நான் வந்து பிடிக்கிறேங்க" என்றாள் ரலிட்சா. "கைப்பிடியில மேல் பக்கத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். மாறிடக்கூடாது பாருங்க."

கைப்பிடியிலிருந்து விமானத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகள் போகும். கைப்பிடியைச் சாய்த்தால் வால் தகடு மேலேயோ கீழேயோ அசையும். தகடு மேலே போனால் விமானம் ஏறும், கீழே போனால் இறங்கும். விமானம் சுற்றிச் சுற்றி வரும், ஓட்டுகிறவனும் நடுவில் நின்று கூடவே சுற்றுவான். தலைகீழாகப் பிடித்தால் எல்லாமே தலைகீழ்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவள் விமானத்தோடு தள்ளி நின்றாள். வால் தகடு அவன் கண்ணுக்கு எட்டவில்லை. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. போட்டால் கிழவன் என்பார்களாம். சிவப்பு நூல் மேலே இருக்கும்படி பிடித்து, விமானம் ஏறுவதற்கான பக்கம் சாய்த்தான்.

"தகடு எங்க போகுது?"

"மேலே."

அவன் கண்ணைச் சுருக்கினான். ஓஹோ. இவள் மேலே என்றால் கீழே. நூலை மாற்றிக் கட்டிவிட்டு நடிக்கிறாள். கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி சாய்த்தான்.

"இப்ப?"

"இப்ப கீழே போகுது. திருப்பிப் பிடிச்சிருக்கீங்களா?"

அவனுக்குள் சிரிப்பு பொங்கியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இவளைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. போய் விசிறியைச் சுண்டி இஞ்சினைக் கிளப்பினான். திரும்பி வந்து சிவப்பு நூல் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தலையசைத்தான். அவள் விட்டாள். விமானத்தை ஏற்றுவதற்குச் சாய்த்தான். அது அவனுடைய மூன்று வருஷத்தையும் மூக்கில் ஏந்திக்கொண்டு நேராகத் தரையில் குத்தியது.

புல்லில் இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கினான். பிறகு, நெஞ்சு வெந்துபோய்க் கேட்டான்: "நீ எதுக்குடி உண்மையைச் சொன்னே?"

"வேற என்ன சொல்லியிருந்தாலும் நீங்க ஜெயிச்சிருப்பீங்களே" என்றாள் ரலிட்சா.